ஏழாவது பாட்டு கிழிந்தது எப்படி

போன வருஷம் ஆடித் திருவிழாக் கச்சேரியில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மத்தியானம் மூன்று மணிக்கு ஒலிப்பதிவுக் கருவியை மிக்சரில் இணைத்தேன். அளவு பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.
2. மூன்றேகாலுக்கு ஊர்த் தலைவர் கடவுள் வாழ்த்துப் பாடினார். மிக நன்றாகப் பதிவானது. (பாடியது அல்ல, பதிவானது.)
3. ஏரியிலிருந்து அண்ணன் போன் செய்தான். சத்தம் போதவில்லை என்றான். ஏற்றினோம்.
4. மறுபடி போன் செய்தான். மறுபடி ஏற்றினோம்.
5. மேற்படி.
6. மேற்படி, ஆனால் நிறைய.
7. ஐந்து மணிக்கு என் அண்ணி ஏழாவது பாட்டைப் பாடினாள். அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.
8. கருவியில் பாட்டு இல்லை. தகர ஷீட்டை ரோட்டில் தரதரவென்று இழுத்துப்போகும் சத்தம் இருந்தது.
9. நான் மூன்று பேர் மேல் பழி போட்டேன். மூன்று பேரும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்.

இதில் ஒன்றும் ஒன்பதும் என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். மூன்று முதல் ஆறு வரை குற்றமே இல்லை. அதற்காக இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குப்பத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, பிறகு சென்னையில் ஒரு வருஷம் ஒலிப்பதிவு படித்தேன். இப்போது ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் உதவியாளர். இந்தப் படிப்பு எங்கள் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. "மைக் செட்டு கட்டுறதுக்கு எதுக்குடி காலேஜு" என்று கேட்டார்கள். என் நைனாவோ எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் "பொண்ணு மைக் செட் இன்ஜினியரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ("ஒலிப் பொறியாளர்" என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அவர் வாயில் அது வேறு என்னவோவாக வந்தது. மைக் செட்டே தேவலை என்று விட்டுவிட்டேன்.)

போன வருஷத்து நான் எப்படிப்பட்டவள் என்றால், டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொள்வது போல ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகிறவள். பக்கத்து வீட்டில் டிவி ஓடினால், "உங்க ஸ்பீக்கர்ல கீழ்ச் சத்தம் சரியா வரல" என்று கேட்காத உபதேசம் செய்கிறவள். சத்தம் எல்லை மீறினால் தானாக அடக்கிக்கொள்ளும் வசதி என் ஒலிப்பதிவுக் கருவியிலேயே உண்டு. வேலை தெரியாதவர்களுக்குத்தான் அது என்று அதை அணைத்து வைத்திருந்தேன்.

அண்ணி பெயர் செண்பகம். விடியற்காலையில் பழவேற்காட்டில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, பொன்னேரியிலும் காட்டூரிலும் தெருத் தெருவாக விற்பவள். பதினைந்து வருஷம் கூவிக் கூவி அவள் குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருக்கிறது. கீழே பாடும்போது அது தெரியாது. மேலே போகப் போக, கயிற்றில் முறுக்கு ஏறுவது போல ஏறும். திருவிழாக் கச்சேரியில் அம்மன் பாட்டெல்லாம் முடிந்ததும் அவள் சொந்தமாகக் கட்டிய நண்டுப் பாட்டுக்குத்தான் ஊர் காத்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் போகும்போது கூடைக்குள்ளிருந்து நண்டு விரலைக் கடித்த அன்று அந்தப் பாட்டு வந்ததாம். "புடிச்ச விரல விடு நண்டே, பொன்னேரி பஸ்ஸு போவுது பார்" என்று தொடங்கும். கடைசியில் அந்தப் "பார்" என்ற சொல்லை இழுப்பாள் பாருங்கள், ஓட்டுநர் பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும்.

சென்னையில் ஊர்ப்புறப் பாடகர்களுக்கென்று வருஷத்துக்கு ஒருமுறை மேடை போடும் குழு ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்களுடைய விண்ணப்பத்தை நான்தான் அண்ணிக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். நிபந்தனைகள் பட்டியலாக இருந்தன. (பட்டியல் என்றால் எனக்கு உயிர்.) ஜனங்கள் எதிரில் பாடியதாக இருக்கவேண்டும். ஒரு பாட்டு, முழுசாக. வெட்டி ஒட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேரவேண்டும். கச்சேரி அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கணக்கு சரியாக இருந்தது.

"எனுக்குப் பெருசா ஆசைலாம் இல்ல தேவி" என்றாள் அண்ணி, கூடையைக் கழுவிக்கொண்டே. "என்னைத் தெரியாதவன் எதிர்ல ஒரு வாட்டி பாடிப் பாக்கணும். இங்க கை தட்டுறவன்லாம் எங்கிட்ட மீனு வாங்குறவன். நல்லா இல்லன்னா சொல்லுவானா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அண்ணி. நீ பாடு. மிச்சத்த எங்கிட்ட வுடு" என்றேன்.

அவளும் விட்டாள்.

இப்போது ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். (பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) முறை வந்த நாளில் போகாவிட்டால் போனது போனதுதான். அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். கல்யாணம், காய்ச்சல், திருவிழா எதற்கும் விலக்கு கிடையாது. அதற்கு ஈடாக ஊரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். திருவிழா அன்று யார் ஏரியில் மாட்டிக்கொள்கிறார்களோ, அவர்களுக்குக் கச்சேரி கேட்டாக வேண்டும். கூம்பு ஸ்பீக்கர் இரண்டை ஏரியைப் பார்த்தே கட்டுவார்கள். படகிலிருந்து போன் வந்து "கேக்கல" என்று சொன்னால் சத்தத்தை ஏற்றவேண்டும். முடியாது என்று சொல்லும் உரிமை தலைவருக்கும் கிடையாது.

போன வருஷம் அந்த முறை எங்கள் வீட்டுக்கு விழுந்தது. அண்ணன் வேலு ஏரியில் இருந்தான். அவன் பெண்டாட்டி மேடையில் இருந்தாள். படகிலிருந்து வரும் போனை எடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மைக் செட் தாஸ் அண்ணனுடையது. பழவேற்காட்டில் கடை வைத்திருக்கிறார். கோயில், சர்ச், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். படித்தது எட்டாவது. நான் மிக்சரின் பின்பக்கம் குனிந்து ஒயரைச் சொருகும்போது எட்டிப் பார்த்தார்.

"பாப்பா, அதுல சொருகாத. நான் இங்க எவ்ளோ ஏத்துறனோ அதுலயும் அவ்ளோ ஏறும். கிழிஞ்சிரும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதரால் எச்சரிக்க முடியாது. நான் நிமிர்ந்து, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, சிறு பிள்ளைக்கு விளக்குவது போல விளக்கினேன்.

"அண்ணா, இதுக்குப் பேரே ரெக்கார்ட் அவுட்டு. ரெக்கார்ட் பண்றதுக்குத்தான் குடுத்திருக்கான்."

"சரி பாப்பா. நீ படிச்ச பொண்ணு" என்றார். இன்றைக்கு யோசித்தால் அதில் மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை.

மேற்கிலிருந்து ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கருவிக்கு மண் ஆகாது. என் துப்பட்டாவை நான்காக மடித்து அதன்மேல் போர்த்தினேன். அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு எங்கே இருக்கிறது? அந்தத் துப்பட்டாவுக்கு அடியில். ஒன்றரை மணி நேரம் அது எரிந்திருக்கிறது, பாவம், யாராவது பார்ப்பார்கள் என்று.

தலைவர் கடவுள் வாழ்த்தை முடித்தார். போன் வந்தது.

"இன்னாடி, ஒண்ணியும் கேக்கல" என்றான் அண்ணன். "காத்து எதிர்க்க அடிக்குது. ஏத்தச் சொல்லு."

தாஸ் அண்ணனைப் பார்த்து விரலை மேலே காட்டினேன். அவர் மிக்சரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் பெரிய தள்ளுகட்டையை ஒரு கோடு ஏற்றினார். ஜனங்கள் நன்றாகத்தான் கேட்டார்கள். ஸ்பீக்கர் ஒன்றும் கிழியவில்லை. கிழிசல் எல்லாம் என் கருவிக்குள். அது தெரியவேண்டுமானால் நான் ஹெட்போனைக் காதில் மாட்டியிருக்க வேண்டும். காதில் போன் இருந்தது.

இரண்டாவது போன்: "கொசு கத்துற மாரி கேக்குது."

மூன்றாவது போன்: "தலைவரு முடிச்சிட்டாரா?"

"எப்பவோ முடிச்சிட்டாரு."

"அவரு பாடுறப்ப கொசுவே தேவலாம்னு இருந்திச்சி. இப்ப ஏத்து."

நான்காவது போன் ஆறாவது பாட்டு முடியும்போது வந்தது.

"அடுத்தது அவளா?" என்றான்.

"ஆமா."

படகில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. என் அண்ணனைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் அண்ணி வாய்க்குள் ஒரு வரி பாடினால்கூட, "கச்சேரிய நிறுத்திட்டுக் கொழம்ப எறக்கு" என்கிறவன் அவன்.

"நல்லா ஏத்திடு" என்றான்.

"எவ்ளோ?"

"இருக்கிற வரிக்கும்."

விரலை மேலே காட்டினேன். தாஸ் அண்ணன் "போதுமா" என்று சைகையில் கேட்டார். கை முழுவதையும் மேலே காட்டினேன். அவர் என் கருவியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், தள்ளுகட்டையை மேல் எல்லைவரை தள்ளினார்.

அண்ணி நண்டுப் பாட்டைப் பாடினாள். கடைசி இழுப்பில் மைதானத்தில் ஒருவரும் அசையவில்லை. குல்பி விற்பவர் மணியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். முடிந்ததும் வந்த கைதட்டலில் எனக்குக் கண் கலங்கியது. (பாட்டுக்காக என்று அன்று சொன்னேன். பாதி என் திறமைக்காக.)

நானே அண்ணனுக்குப் போன் போட்டேன். "கேட்டிச்சா?"

"உம்."

"எப்படி இருந்திச்சி?"

"ரெண்டாவது வரில கொஞ்சம் அவசரப்பட்டுட்டா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டினேன். தலைவர் பாட்டு கண்ணாடி போல இருந்தது. அவர் தொண்டையைக் கனைத்தது, வெற்றிலையை இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றியது, ஒரு வரி மறந்து "அம்மா" என்று பெருமூச்சு விட்டது, எல்லாம் துல்லியம். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் பதிவு செய்ததில்லை. இரண்டாவது பாட்டில் லேசாக ஒரு பொரிச்சல். நான்காவதில் அது சட்டியில் கடுகு வெடிப்பது போல ஆனது. ஏழாவதில் கடுகு இல்லை, சட்டியும் இல்லை. நான் முன்பே சொன்ன தகர ஷீட்.

விஷயம் இதுதான். ஒலிப்பதிவுக் கருவிக்கு ஒரு கூரை உண்டு. சத்தம் அந்தக் கூரைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எழும்பி விழலாம். கூரையைத் தாண்டினால், தாண்டிய பகுதி பதிவாகாது. கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால், அலைகளின் உச்சியை எல்லாம் அரிவாளால் ஒரே மட்டத்துக்குச் சீவிவிட்டது போல இருக்கும். சீவியது எங்கும் சேர்த்து வைக்கப்படுவதில்லை. அது இல்லாமலே போய்விடுகிறது. பிற்பாடு சத்தத்தைக் குறைத்தால் சின்னதாகக் கிழிந்த பாட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை நான் பழி போட்ட வரிசை: தாஸ் அண்ணன் கண்டபடி ஏற்றிவிட்டார். அண்ணன் கண்டபடி ஏற்றச் சொன்னான். அண்ணி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துவிட்டாள்.

மூன்றாவதைக் கேட்டதும் அண்ணி என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செல்போனில் வீடியோ எடுத்தவர்களிடம் எல்லாம் கேட்டு வாங்கினேன். பதினொன்று வந்தன. எல்லோரும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றே எடுத்திருந்தார்கள். எல்லாம் என்னுடையதைவிட மோசம். நான்கில் எடுத்தவரின் விசில் மட்டும் நன்றாக இருந்தது.

பிறகு ஸ்டுடியோவில் வேலை முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தேன். முதலில் முழுப் பாட்டின் அளவையும் இறக்கி, வெட்டுப்பட்ட உச்சிகள் மறுபடி எழும்ப மேலே இடம் உண்டாக்கினேன். அடுத்து, வெட்டுக்கு முன்னால் இருக்கும் வளைவையும் பின்னால் இருக்கும் வளைவையும் வைத்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டினேன். சின்ன வெட்டு என்றால் நன்றாகவே ஊகிக்கும். பெரிய வெட்டு என்றால் எங்கள் தலைவர் மாதிரி, தெரியாததையும் தெரிந்தது போல நிரப்பிவிடும். அதற்குப் பின் மிச்சமிருந்த பொரிச்சலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கடைசியாகக் காதைக் குத்தும் மேல்பகுதியைத் தணித்தேன்.

என் சீனியர் எட்டிப் பார்த்து, "மேல ஏத்தச் சொன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கணும். கன்ட்ரோல் உன் கையில இருக்கணும்" என்றார். ஏரியில் ஆள் இருந்ததைச் சொன்னேன். "கேட்காட்டி என்ன, அப்புறம் ரெக்கார்டிங்ல கேட்டுக்கலாமே" என்றார். அவர் வீட்டில் யாரும் ஏரிக்குப் போவதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாட்டு சுத்தமாகிவிட்டது. பெருமையோடு ஊருக்கு எடுத்துப்போய் அண்ணி காதில் ஹெட்போனை மாட்டினேன். நைனாவும் அண்ணனும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கடைசிவரை கேட்டாள். கழற்றினாள்.

"யாருடி இது?"

"நீதான் அண்ணி."

"நல்லாப் பாடுறா" என்றாள். "என் கரகரப்பு எங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மென்பொருளுக்கு எது கிழிசல், எது அண்ணியின் தொண்டை என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. உச்சியில் அண்ணி இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கூடை தூக்காதவள். நண்டு கடிக்காதவள்.

"கிழிஞ்சத போடு, கேக்கறேன்" என்றாள்.

போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள். நைனா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் மட்டும், "எனுக்கு ஏரில இந்தக் கொரலுதான் கேட்டிச்சி, கிழியாம" என்றான்.

"இதையே அனுப்பு" என்றாள் அண்ணி.

"அண்ணி, அவங்க முதல் வரிலயே நிறுத்திடுவாங்க. சுத்தம் பண்ணதை அனுப்பலாம். வெட்டி ஒட்டலியே, நிபந்தனைல அடங்கும்."

"அவளுக்கு மேடை கெடச்சா அவளா வந்து பாடுவா? நான்தான போவணும். போய் வாயத் தொறந்தா, ரெக்கார்டுல கேட்ட பொண்ணு எங்கன்னு கேப்பான்."

விண்ணப்பத்தில் கடைசியாகக் "குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதவேண்டும் என்று அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன்:

"பாட்டு என்னுடையது. கிழித்தது என் நாத்தனார். கிழிந்த இடத்தில் நான் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தேன்."

இரண்டாவது வாக்கியத்தில் பேனா நின்றது. "நான் கிழிச்சேனா? தாஸ் அண்ணன்தான்..."

"தாஸு திங்கக்கெழமையே சொல்லிட்டாரு, எந்த ஓட்டைல சொருகுனன்னு" என்றாள் அண்ணி, குரலை ஏற்றாமல். "மீனு எடுக்கப் போறப்ப அவரப் பாத்தேன். வேணாம்னு சொன்னாராமே. நீ எப்ப வாயத் தொறப்பன்னு பாத்துகினு இருந்தேன். நாலு நாளாச்சி."

நைனா என்னைப் பார்த்தார். "இன்னாமே இது. ஒயர எங்கடி சொருகுன?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். ஓட்டையின் பெயர், துப்பட்டா, சிவப்பு விளக்கு, அணைத்து வைத்த வசதி. அண்ணன் சிரிக்க ஆரம்பித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டான். அண்ணி "எழுது" என்றாள். எழுதி, கிழிந்த பாட்டோடு அன்றைக்கே அனுப்பினேன்.

மறுநாள் தாஸ் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வைத்திருந்தார். "அண்ணா, தப்பு என் மேல" என்றேன். "தெரியும் பாப்பா" என்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் மிக்சரில் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். அதற்குத் தனியாக ஒரு திருகு உண்டு. பெரிய தள்ளுகட்டையை வானம் வரை தள்ளினாலும் அது அசையாது. ஒரு வருஷப் படிப்பில் இரண்டாவது வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண்.

மூன்று வாரம் கழித்து அந்தக் குழுவிடமிருந்து பதில் வந்தது. "ஒலிப்பதிவின் தரக் குறைவு காரணமாகத் தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை." படித்துக் காட்டினேன்.

"பாட்டு நல்லா இல்லன்னு போட்டுக்கீறானா?" என்றாள் அண்ணி.

"இல்ல."

"கேட்டுட்டு வேணாம்னா சொல்றான்?"

"கேக்கவே இல்லன்னு சொல்றாங்க."

"அப்ப இன்னும் யாரும் கேக்கல" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு மடங்கு இருந்தது. எல்லோரும் வாய் திறக்காமல் சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஊர்க் கூட்டத்தில் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவர் பாடிய கடவுள் வாழ்த்தை நான் அவருக்கு அனுப்பியிருந்தேன். அதை அவர் தன் போன் மணியாகவே வைத்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் இரண்டு தடவை அவரே பாடினார். எடுத்துப் பேசிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எவ்ளோ தெளிவா கீது பாருங்க. அடுத்த வருஷத்துலேந்து நான் பாடுன அளவுலயே நிறுத்திடணும். ஏரில இருந்து போன் வந்தாலும் ஏத்தக் கூடாது. நம்ம ஊரு பொண்ணு படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேணும்ல."

நான்கைந்து தலைகள் ஆடின. எங்கள் கூட்டத்தில் பெண்கள் உட்காருவார்கள், எழுந்து பேசுவது அபூர்வம். நான் எழுந்தேன்.

"என் படிப்புக்கு மரியாதை வேணாம். போன் வந்தா ஏத்தணும்."

"ஏமே, கிழியுதுன்னு நீதான அழுத?"

"கிழிஞ்சது ஏத்துனதால இல்ல. நான் ஒயர தப்பா சொருகுனேன். என் தப்புக்கு ஏரில கீறவங்க காத அடைக்காதீங்க."

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அதுவரை வீட்டோடு இருந்த விஷயம் அந்த நிமிஷம் ஊருக்குப் போய்விட்டது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். தலைவர் விடவில்லை.

"அப்ப அடுத்த வருஷமும் ஏத்துவோம். கிழியாதா?"

"ஏத்துறது உங்க வேலை. கிழியாம புடிக்கிறது என் வேலை."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது, மைக் இல்லாமல், மூலைவரை கேட்கும்படி: "இந்த ஆடில நான் பாடுறப்ப என் ஊட்டுக்காரரு ஏரில இருந்தாரு. அவருக்குக் கேட்டிச்சி. சென்னைக்காரனுக்குக் கேக்கலன்னா இன்னொரு வாட்டி அனுப்பிக்கறேன். ஏரிக்காரன் இன்னொரு வாட்டி எப்டிக் கேப்பான்?"

தீர்மானம் தோற்றது. தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் போன் மறுபடி பாடியது, எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன் விளைவை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்தாலும், மோட்டார் ஓடாவிட்டாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் முதலில் என்னைப் பார்த்து "ஒயர எங்கடி சொருகுன?" என்றுதான் கேட்கிறார்கள். அண்ணனின் நான்கு வயது மகள் பால் சிந்தியபோது அவளே என்னைப் பார்த்துக் கேட்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஒயரு சொருகுன பொண்ணு ஊரா?" என்றார். ஆமாம் என்றேன். எந்தப் பொண்ணு என்று சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடித் திருவிழா முடிந்துவிட்டது. ஏரியில் இருந்தது வேறு குடும்பம். ஐந்து முறை போன் வந்தது, ஐந்து முறையும் ஏற்றினோம். போனை எடுத்தது அண்ணன். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, மண்ணைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே பாட்டை இரண்டு அளவில் தனித்தனியாகப் பதிவு செய்தேன், ஒன்று மிகத் தாழ்வாக. சத்தத்தை அடக்கும் வசதி அணைக்கப்படவில்லை. அண்ணியின் பாட்டு முழுசாக இருக்கிறது, கரகரப்போடு.

போன செவ்வாய்க்கிழமை அனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை. அண்ணி வழக்கம்போலக் காலை பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய் வருகிறாள். வேண்டாம் என்று வந்தால் அடுத்த ஆடியில் மறுபடி பாடுவாள், மறுபடி அனுப்புவோம். ஏரியிலிருந்து போன் வந்தால் ஏற்றுவோம்.